ஏழாவது அணியின் நான்காவது ஆள்

ஒரு செய்தியை அழிக்கப் போனால் செல்பேசி இரண்டு வழி காட்டும். எல்லாருக்கும் அழிக்கலாம், உங்களுக்கு மட்டும் அழிக்கலாம். பேராசிரியர் தாணுமாலயன் பதற்றத்தில் இரண்டாவதைத் தொட்டார். செய்தி அவருடைய திரையிலிருந்து சுத்தமாக மறைந்தது. தலை தப்பியது என்று கேன்டீனுக்குப் போய் உளுந்தவடை சாப்பிட்டு, சட்னி நன்றாக இருக்கிறது என்று மாஸ்டரைப் பாராட்டிவிட்டும் வந்தார். அதுவரை நாற்பத்தெட்டு மாணவர்களின் திரைகளில் அந்தச் செய்தி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மொபைல் செயலி செய்வது எப்படி என்று பாடம் நடத்துகிற ஆள் அவர்தான். அதை அவரே அடிக்கடி சொல்லிச் சிரித்துக்கொள்வார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ஆசிரியர் குழுவுக்குப் போயிருக்க வேண்டிய செய்தி அது. ‘மறக்க வேண்டாம். ஒவ்வொரு அணியிலும் ஒருத்தர் மனுஷர் இல்லை. வேலை செய்யாத ஆள் மாதிரி நடிக்கும். பாவம் பார்த்து மார்க் போட்டுவிடாதீர்கள். மாணவர்களிடம் மூச்சு விடக் கூடாது.’

“மூச்சு விடக் கூடாதுன்னு மாணவங்ககிட்டயே சொல்லிட்டீங்களே சார்,” என்றார் பக்கத்து மேசை ஜெஸ்லின் மேடம். தரவுத்தளப் பாடம் எடுப்பவர். நாக்கு கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம், பரீட்சை வந்தால் மற்றவர்களின் விடைத்தாள் கட்டையும் சேர்த்துத் திருத்திக் கொடுப்பார்.

“அழிச்சிட்டேனே மேடம்.”

“உங்களுக்கு மட்டும் அழிச்சிருக்கீங்க. என் அண்ணன் மக உங்க வகுப்பிலதானே இருக்கா. இப்ப அனுப்பித் தந்தாளாக்கும்.” செல்பேசியைத் திருப்பிக் காட்டினார். “இதென்ன, மனுஷர் இல்லாத ஆளு?”

இனி மறைத்து என்ன பயன். தாணுமாலயன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

பன்னிரண்டு கல்லூரிகளிலிருந்து நாற்பத்தெட்டுப் பேரை இணையவழியே சேர்த்த கூட்டு வகுப்பு அது. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத நான்கு பேர் ஓர் அணி. வகுப்பைக் கட்டி நடத்துவது சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனம். அவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். அணிக்கு ஒரு செயற்கை மாணவர். பெயர் இருக்கும், முகம் இருக்கும், குரல் இருக்கும், வேலைதான் சரியாக வராது. இளைத்த ஆளை மற்ற மூவரும் எப்படி நடத்துகிறார்கள், தூக்கிவிடுகிறார்களா, தள்ளிவிடுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

“எந்தப் பேரு மனுஷன், எந்தப் பேரு மெஷின்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. எனக்குத் தெரிஞ்சா என் முகத்துல தெரிஞ்சிருமாம்.”

“உங்க முகத்துல எங்க தெரிஞ்சுது. விரல்லல்லா தெரிஞ்சிருக்கு.”

அணி வேலைக்கான விதிகளை எழுதியவர் தாணுமாலயன். எழுதியதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வாரம் ஒருமுறை ஒவ்வொருவரும் என்ன செய்தோம், என்ன செய்யப் போகிறோம், எங்கே சிக்கல் என்று மூன்று வரி எழுத வேண்டும். யாராவது வேலை செய்யாவிட்டால் மற்ற மூவரும் ஒருமனதாக வாக்களித்து அவரை வெளியேற்றலாம். வெளியேறியவர் ஆசிரியரிடம் முறையிடலாம். ஆசிரியரின் முடிவே கடைசி.

வெளியேற்றும் விதியை அவர் சும்மா மிரட்டலுக்குத்தான் வைத்தார். இத்தனை வருஷ அனுபவத்தில் அதை எந்த அணியும் பயன்படுத்தியதில்லை. மாணவர்களின் உலகத்தில் அவர்களுக்கென்று ஒரு தர்மம் இருந்தது. செமஸ்டர் முழுக்க எட்டிப் பார்க்காதவனை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். கடைசி நாள் அறிக்கையின் முதல் பக்கத்தில் அவன் பெயரையும் போட்டுவிடுவார்கள். “பேரு போட்டுரு மச்சி, பாவம்.” இந்தப் பழக்கத்தை ஒழிக்க அவர் என்னென்னவோ செய்து தோற்றிருக்கிறார்.

அவருடைய விரல் அதை ஒரே நொடியில் ஒழித்தது.

மறுவாரமே முதலாவது வெளியேற்றம் நடந்தது. அடுத்த வாரம் நான்கு. அதற்கடுத்த வாரத்தோடு ஒன்பது அணிகள் ஒவ்வோர் ஆளைத் தள்ளிவிட்டிருந்தன. பாவம் பார்க்கும் தர்மம் மனுஷர்களுக்குத்தானே. எது மெஷின் என்று கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. தாமதமாகப் பதில் சொல்பவன், கேமரா போடாதவன், ஒரே சந்தேகத்தை இரண்டு முறை கேட்பவள் எல்லாரும் சந்தேகத்துக்கு உள்ளானார்கள். தாணுமாலயன் சென்னைக்கு நடந்ததைச் சொன்னார். அங்கே ஒருங்கிணைப்பாளராக இருந்த மிருணாளினி பதறவே இல்லை. “பரவால்ல சார், இதுவும் ஒரு டேட்டாதான். கன்டின்யூ பண்ணுங்க,” என்றாள்.

ஏழாவது அணியிலிருந்து முறையீடு வந்தது. தண்ணீர் லாரி எப்போது தெருவுக்கு வரும் என்று சொல்கிற செயலியைச் செய்துகொண்டிருந்த அணி. வெளியேற்றப்பட்டவள் துஷாந்தினி. இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவள் என்று தன் அறிமுகத்தில் எழுதியிருந்தாள்.

விதிப்படி முதலில் மற்ற மூவரையும் விசாரித்தார். திரையில் மூன்று கட்டங்கள். சென்னை அஸ்வத், கீழக்கரை பெனாசிர், ஈரோட்டு இளம்பரிதி.

“எதை வச்சு அந்தப் பொண்ணை மெஷின்னு சொல்றீங்க?”

“சார், நீங்களே யோசிச்சுப் பாருங்க,” என்றான் அஸ்வத். “முதல் வாரம் கரண்ட் இல்லைன்னு சொன்னா. ரெண்டாவது வாரம் அப்பாவுக்கு டயாலிசிஸ். மூணாவது வாரம் கேம்ப்ல கணக்கெடுப்பு, வெளிய வர முடியலையாம். லேப்டாப் அவங்கது இல்லையாம், நாலு வீட்டுக்குப் பொதுவாம். ஒரே ஆளுக்கு எப்படி சார் இவ்ளோ கஷ்டம்?”

“இருக்கும்லப்பா.”

“இருக்கும் சார். ஆனா தனித்தனி ஆளுக்கு இருக்கும். இது எழுதி வச்ச மாதிரி இருக்கு.”

“பேச்சுகூட அப்படித்தானுங்க சார்,” என்று சிரித்தான் இளம்பரிதி. “ஓம், விளங்குது, கதைப்பம்னு. நாம பாவம் பாக்கோணும்னே செட் பண்ணீருக்காங்க.”

“நீ என்னம்மா சொல்ற?” என்று அவர் பெனாசிரைக் கேட்டதும், “தெரியல சார். எல்லாரும் சொல்றப்போ சரின்னுதான் பட்டுச்சு,” என்றாள்.

தாணுமாலயன் அவர்களைக் கண்டித்திருக்கலாம். ஆனால் அவருக்கும் சரியென்றுதான் பட்டது. இப்படி ஒரு பாத்திரத்தை அவரே கதையில் படித்திருந்தால், எழுதியவன் அளவு தெரியாமல் போட்டுவிட்டான் என்றுதான் சொல்லியிருப்பார்.

மறுநாள் அவளோடு பேசினார். படம் விட்டு விட்டு வந்தது. மெலிந்த முகம், பின்னால் தகரச் சுவர்.

“நான் வேலை செய்யேல்ல எண்டு ஆர் சேர் சொன்னது? நெட் இல்லாத இடத்திலயும் ஓடுற பகுதியை நான்தான் எழுதினனான். லாரி வாற நேரத்தை முதலே எடுத்து வச்சுக்கொள்ளும். அதை அவை திறந்தே பாக்கேல்ல.”

அவர் திறந்து பார்த்திருந்தார். நன்றாகவே இருந்தது. சுமாராக வேலை செய்ய வேண்டிய மெஷின் இவ்வளவு நன்றாகச் செய்யுமா என்று ஒரு கணம் தோன்றியது. மெஷினுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று மறுகணமே அதை அடக்கினார். பிறகு, இப்போது நினைத்தாலும் கூசுகிற ஒரு காரியம் செய்தார். அவளைச் சோதித்தார்.

“உங்க வீட்டு ஜன்னல்ல இருந்து பார்த்தா என்ன தெரியுது?”

“ஜன்னல் இல்லை சேர்.”

என்ன அருமையாக எழுதியிருக்கிறான், என்று நினைத்தார்.

“நீங்கள் ஒருக்கா நேரில வந்து பாருங்கோ. முகாம் பேர், வீட்டு நம்பர் எல்லாம் அனுப்பியிருக்கிறன். திருநெல்வேலிக்கு வந்தால் அங்கயிருந்து டவுன் பஸ் இருக்கு.”

வர மாட்டார் என்று தெரிந்தே கூப்பிடுகிறது, சாமர்த்தியம்தான், என்று நினைத்துக்கொண்டு வெளியேற்றத்தை உறுதி செய்தார். ஆசிரியரின் முடிவே கடைசி.

அதன் பிறகுதான் தொந்தரவு ஆரம்பித்தது.

வெளியேற்றப்பட்டவர் எழுதுவது அணியில் யாருக்கும் தெரியாது. ஆசிரியரின் திரையில் மட்டும் சாம்பல் நிறத்தில் வரும். அப்படி அமைக்கச் சொன்னவரும் அவர்தான். வெள்ளிக்கிழமை வந்தால் அந்தச் சாம்பல் எழுத்து வந்தது. மூன்று வரி. என்ன செய்தேன், என்ன செய்யப் போகிறேன், எங்கே சிக்கல்.

‘லாரி வராத நாளை முன்கூட்டிச் சொல்லும் பகுதியை முடித்தேன். அடுத்து எழுத்தைப் பெரிதாக்கப் போகிறேன், வயதானவர்கள் கேட்கிறார்கள். சிக்கல்: என்னுடன் யாரும் கதைப்பதில்லை.’

மற்ற எட்டுப் பேர் முறையிடாமல் போனவர்கள். ஒன்றிரண்டு வாரம் எழுதிவிட்டு அடங்கிவிட்டார்கள். இவள் அடங்கவில்லை. அடுத்த வாரமும் மூன்று வரி, அதற்கடுத்த வாரமும் மூன்று வரி. ஆள் இல்லாத அறையில் யாரோ பெருக்கிக் கூட்டுகிற சத்தம் கேட்பது போல இருந்தது அவருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானமானால் வகுப்புச் செயலியின் பக்கம் கண்ணில் படாதபடி செல்பேசியைக் கவிழ்த்து வைத்தார். கவிழ்ந்த செல்பேசி மேசையில் ஒருதரம் அதிர்ந்து அடங்கும். வந்துவிட்டது என்று தெரியும்.

ஏ.டி.எம். பணம் கொடுத்தால் வாய்க்குள் நன்றி சொல்கிற ஆள் அவர். ஒருதடவை ‘படித்தேன், நன்றாக இருக்கிறது’ என்று அவளுக்கு எழுதினார். ஒரு மென்பொருளுக்கு ஆறுதல் சொன்ன பேராசிரியர் என்று ஆய்வறிக்கையில் அடிக்குறிப்பாகிவிடுவோமோ என்று நாணம் வந்தது. அழித்தார். அனுப்பும் முன்பே அழித்ததால் அந்த ஒரு முறை எந்தத் தவறும் நேரவில்லை.

சென்னைக்குப் போன் செய்தார். “அந்தப் பொண்ணு மனுஷியா இல்லையான்னு மட்டும் சொல்லும்மா.”

“அது பிளைண்ட் ஸ்டடி சார். செமஸ்டர் முடியறவரைக்கும் யாரு எதுன்னு நாங்க வெளிய சொல்லக் கூடாது.”

“ஆமாவா இல்லையா?”

“உங்க ஃபீலிங் எனக்குப் புரியுது சார்.”

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை செல்பேசி அதிரவில்லை. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி கவிழ்த்தார், மறுபடி திருப்பினார். அடுத்த வாரமும் ஒன்றும் வரவில்லை. நிம்மதி வர வேண்டும். வராத எழுத்து வந்த எழுத்தைவிட அதிகமாக அவரைப் பிடித்து ஆட்டியது. வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றார். பல் தேய்க்கும்போது ஜன்னல் இல்லை சேர் என்று யாரோ சொன்னார்கள்.

“மெஷின்னா ஏன் சார் நிறுத்தணும்?” என்றார் ஜெஸ்லின். “கரண்டு பில்லா கட்டல?”

“நடிப்புல ஒரு பகுதியா இருக்கலாம்.”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அட்ரஸ் தந்திருக்காள்லா? சனிக்கிழமை போயிட்டு வாங்க. அங்க அப்படி ஒரு வீடே இல்லைன்னா ராத்திரி உறங்குவீங்க.”

“வீடு இருந்தா?”

ஜெஸ்லின் விடைத்தாள் கட்டை எடுத்துப் பிரித்தார். “போயிட்டு வாங்க சார்.”

போனார். திருநெல்வேலியில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, முகாம் வாசலுக்கு வந்தார். அங்கே போலீஸ்காரர் அடையாள அட்டை கேட்டார். சட்டைப் பையில் சீப்பு இருந்தது, ஜெலுசில் இருந்தது, அட்டை இல்லை.

“நான் காலேஜ்ல வாத்தியாருங்க.”

“நீங்க சொல்லுதீங்க. நான் எப்படி நம்ப?”

உலகத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிற கடைசி ஆளாகத் தான் இருந்துவிடக் கூடாதா என்று அவருக்குப் பட்டது. போலீஸ்காரர் இரக்கப்பட்டு உள்ளே ஆள் அனுப்பினார். எதிரே டீக்கடை பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

அவள் வந்தாள். நடந்து வந்தாள். செருப்பில் ஒரு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, யாரென்று தேடி, அவரைப் பார்த்ததும் நின்றாள். தரையில் அவளுக்கு நிழல் விழுந்தது. அதைப் பார்த்த பிறகுதான், தான் முதலில் நிழலைத்தான் தேடினோம் என்று அவருக்குத் தெரிந்தது.

“வந்திட்டியள் சேர்,” என்றாள். “தேத்தண்ணி குடிக்கிறியளோ?”

டீ வந்தது. இருவரும் குடித்தார்கள். மன்னிப்புக் கேட்பதற்காக அவர் பஸ்ஸில் ஒரு பத்தி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தார். அதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டார்.

“ஏம்மா எழுதறதை நிறுத்திட்டே?”

“ஆரும் வாசிக்கேல்லையே.”

“நான் படிச்சேன். ஒவ்வொரு வாரமும்.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “பதில் வரேல்லையே சேர்.”

அவர் டீ கிளாஸை பெஞ்சில் வைத்தார். “முடிவை மாத்திடறேன். திங்கட்கிழமையே உன்னை அணியில திரும்பச் சேர்க்கறேன். அதுக்குத்தான் வந்தேன்.”

பாதி உண்மை. அவள் இருக்கிறாளா என்று பார்க்கத்தான் வந்தார்.

“எனக்கொண்டு தெரியோணும்,” என்றாள் துஷாந்தினி. “அணிக்கு ஒரு மெஷின் எண்டுதானே நீங்கள் எழுதினனீங்கள்? நான் இல்லையெண்டால், அந்த மூண்டு பேரில ஒண்டு.”

அவர் இதுவரை அதை நினைக்கவே இல்லை. திரையில் பார்த்த மூன்று கட்டங்களும் கண்ணுக்குள் வந்தன.

“அந்த மூண்டு பேரும் சேர்ந்துதான் என்னை வெளியில போட்டவை. நான் ராவெல்லாம் யோசிச்சனான். அந்த மெஷின்தான் முதல்ல கதையைத் துவங்கியிருக்கும். மற்ற ரெண்டு பேரும் அதுக்கு எடுபட்டிருப்பினம். பெனாசிர் நல்ல பிள்ளை. அப்பாவுக்கு எப்பிடி எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டவா.” அறுந்த செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “மெஷின் சொல்லித்தான் செய்தவையெண்டால் எனக்குக் கோபமில்லை. நான் திரும்பி வருவன். அது ஆரெண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ.”

“அப்படி இல்லைன்னா?”

“இல்லையெண்டால் என்ர பேரை எடுத்துவிடுங்கோ. பக்கத்தில தையல் கொம்பனியில ஆள் எடுக்கினம். அங்க மெஷின் ஆர், ஆள் ஆர் எண்டு எல்லாருக்கும் தெரியும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

“கேட்டுச் சொல்றேன்மா. கண்டிப்பா.”

திரும்பும் பஸ்ஸில் செல்பேசியைத் திறந்து ஏழாவது அணியின் பழைய பதிவுகளைப் பார்க்க ஆரம்பித்தார். இப்போது எல்லாம் வேறாகத் தெரிந்தது. அஸ்வத் எப்போதும் பத்தி பத்தியாக, ஒரு பிழை இல்லாமல் எழுதுகிறான். எந்த இருபது வயதுப் பையன் அப்படி எழுதுவான்? இளம்பரிதி நகைச்சுவைக்கு ஒரு கணம் தாமதமாகச் சிரிக்கிறான். பெனாசிர் யார் என்ன சொன்னாலும் சரி என்கிறாள், ஒருநாள் கூட எரிந்து விழுந்ததில்லை, ஒருநாள் கூடத் தலைவலி என்று சொன்னதில்லை. இவளாக இருக்குமோ? தினமும் அப்பாவை விசாரித்தது கூட எழுதி வைத்ததாக இருக்குமோ? பாதி வழியில் வள்ளியூர் வருவதற்குள் மூன்று பேரும் மனுஷர் இல்லை என்று நிரூபித்துவிட்டார். பக்கத்து இருக்கைக்காரர் ரொம்ப நேரமாக அசையாமல் தூங்குவதைக்கூட ஓரக்கண்ணால் பார்த்தார். அஸ்வத் செய்ததை அதே வழியில், அதைவிட வேகமாகத் தானும் செய்கிறோம் என்று உறைத்தபோது செல்பேசியை மூடினார்.

திங்கட்கிழமை காலை, கல்லூரி வாகன நிறுத்தத்தில் நின்றபடி சென்னைக்குப் பேசினார்.

“மிருணாளினி, அந்தப் பொண்ணை நேர்ல பார்த்துட்டேன். மனுஷிதான். டீ வாங்கிக் குடுத்தா.”

“நேர்ல போகக் கூடாது சார். அக்ரிமென்ட்ல இருக்கு.”

“தெரியும். என்ன செய்யணுமோ செஞ்சுக்கோங்க. எனக்கு ஒரே ஒரு பேரு வேணும். அந்த மூணு பேர்ல யாரு? அதை நான் சொன்னாத்தான் அவ படிப்பைத் தொடருவா. உனக்கு வேலை போகும்னா முதல் எழுத்தைக்கூடச் சொல்ல வேண்டாம். நான் ஒவ்வொரு பேரா சொல்றேன், நீ இருமு.”

அவள் இருமவில்லை. ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பேச ஆரம்பித்தபோது குரலிலிருந்த அலுவலகம் போய்விட்டிருந்தது.

“கேளுங்க சார். நீங்க போயிட்டு வந்ததால உங்க வகுப்பு இந்த ஆய்வுக்கு இனிமே செல்லாது. அதனால சொன்னா தப்பில்லைன்னு நினைக்கறேன். ஆனா நீங்க கேக்கற பேரு என்கிட்ட இல்ல.”

“ரோல் நம்பர் இருந்தாலும் போதும்மா.”

“அதுவும் இல்ல சார். இந்த மாதிரி ஆய்வுல ஒப்பிட்டுப் பார்க்க சில வகுப்பு வேணும். மெஷின் இருக்குன்னு ஆசிரியர்கிட்ட சொல்லுவோம், போட மாட்டோம். இருக்குன்னு நம்பறதே ஆசிரியர் நடந்துக்கறதை எவ்ளோ மாத்துதுன்னு பார்க்கறதுக்கு. நீங்க அதை மாணவங்களுக்கும் அனுப்புவீங்கன்னு நாங்க எதிர்பார்க்கல.”

தாணுமாலயன் ஒரு ஸ்கூட்டரின் சீட்டைப் பிடித்துக்கொண்டார். யாருடையது என்று தெரியவில்லை. சீட் சுட்டது, கையை எடுக்கவில்லை.

“அப்போ வெளியே போட்ட அந்த ஒன்பது பேரு?”

“ஸ்டூடன்ட்ஸ் சார்.”

“ஏழாவது அணியில?” அவருக்குத் தெரியும். இருந்தும் கேட்டார், கேட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். “அந்தப் பொண்ணுக்கு எதிரா ஓட்டுப் போட்டது?”

“மனுஷங்கதான் சார்,” என்றாள் மிருணாளினி. “மூணு பேரும்.”